பிஎல்/எஸ்க்யூஎல் சான்றிதழ்த் தேர்வு: எதற்குக் காசு கொடுக்கலாம், எது தேவையே இல்லை

ஆரக்கிள் டேட்டாபேஸுக்குள் ஓடும் நிரல்களை எழுதும் மொழியான பிஎல்/எஸ்க்யூஎல்லில் அந்த நிறுவனம் நடத்தும் தேர்வுக்கு (எண் 1இசட்0-149) நான் நான்கு விஷயங்களை வைத்துப் படித்தேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு, காசு கட்டிச் சேர்ந்த ஒரு வீடியோ வகுப்பு, ஆரக்கிள் இலவசமாகப் போட்டிருக்கும் மொழிக் கையேடு, அப்புறம் அதே நிறுவனம் இலவசமாகத் தரும் டேட்டாபேஸ். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைத்த இரண்டும்தான் என்னைத் தேர்ச்சி பெற வைத்தன. வீடியோ வகுப்பு பாதி தூரம் உதவியது. மாதிரித் தேர்வுத் தொகுப்பை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஏன் என்று கீழே விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தேர்வுக்குத் தயாராகும் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 65 கேள்விகள், 90 நிமிடம், தேர்ச்சிக்கு 66 சதவீதம். ஒரு கேள்விக்கு 83 விநாடிதான் விழுகிறது. இதில் கணிசமான கேள்விகளில் ஒரு கோடு பிளாக்கை (நிரல் துண்டை) கொடுத்து, ஓட்டினால் என்ன வரும், கம்பைல் ஆகுமா, எந்த வரியில் நிற்கும் என்று கேட்பார்கள். சிலவற்றில் இரண்டு அல்லது மூன்று விடைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதையும் 1இசட்0-071 என்ற எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் தரவைக் கேட்கும் மொழி) தேர்வையும் சேர்த்து முடித்தால்தான் பிஎல்/எஸ்க்யூஎல் டெவலப்பர் சர்டிஃபைடு புரொஃபெஷனல் என்ற பட்டம் கிடைக்கும். பாடத்திட்டம் ஆரக்கிள் தளத்திலேயே இருக்கிறது. வேரியபிள் அறிவிப்பதில் தொடங்கி, கர்சர் (விடை வரிகளை ஒவ்வொன்றாக எடுப்பது), எக்செப்ஷன் (பிழையைக் கையாள்வது), புரொசீஜர், ஃபங்ஷன், அவற்றைத் தொகுக்கும் பேக்கேஜ், டைனமிக் எஸ்க்யூஎல் (ஓடும்போதே உருவாக்கும் எஸ்க்யூஎல்), ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கோடு), கம்பைலர் அமைப்புகள், டிபென்டன்ஸி (ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பது) வரை போகும். அந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் 'இதெல்லாம் தினமும் செய்வதுதானே' என்று தோன்றும். தினமும் செய்வது அதில் முதல் பாதி மட்டும்தான்.

சரி, மாதிரித் தேர்வுத் தொகுப்பு. பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் இதே குறைகள் உள்ள தொகுப்புகள் நிறைய இருக்கின்றன, ஒன்றை மட்டும் குறிவைப்பதில் பயனில்லை. விளம்பரத்தில் கேள்விகளின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கேள்விகள் பார்ப்பதற்கு உண்மையான தேர்வு மாதிரியே இருந்தன, நேரம் ஓடும் கடிகாரம், மதிப்பெண், எந்தப் பிரிவில் பலவீனம் என்று காட்டும் வரைபடம் எல்லாம் இருந்தது. பிரச்சினை விடைக்குறிப்பில்தான்.

ஓர் உதாரணம். டிக்ளேர் பகுதியில் (வேரியபிள்களை அறிவிக்கும் இடம்) இரண்டு இலக்கம் மட்டும் கொள்ளும் நம்பர் வேரியபிளுக்கு 100 என்று தொடக்க மதிப்பு கொடுத்திருக்கிறது. அதே பிளாக்கின் கடைசியில் எந்தப் பிழையையும் பிடிக்கும் வென் அதர்ஸ் போட்ட எக்செப்ஷன் பகுதி இருக்கிறது. என்ன நடக்கும்? தொகுப்பின் விடை, 'எக்செப்ஷன் பகுதி பிடித்துவிடும், பிளாக் நல்லபடியாக முடியும்' என்றது. இது தவறு. டிக்ளேர் பகுதியில் எழும் பிழையை அதே பிளாக்கின் எக்செப்ஷன் பகுதி பிடிக்காது, வெளியே இருக்கும் பிளாக்குக்குத்தான் போகும், வெளியே பிளாக் இல்லையென்றால் ஓஆர்ஏ-06502 என்ற பிழை எண் நேராக முகத்தில் வந்து நிற்கும். பிஎல்/எஸ்க்யூஎல்லின் அடிப்படையே தெரிந்த ஒருவர் அந்தக் கேள்வியை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தாலே இந்த விடை வந்திருக்காது. இன்னொரு கேள்வியில், பல்க் கலெக்ட் (பல வரிகளை ஒரே தடவையில் கலெக்ஷன் என்ற பட்டியலில் எடுப்பது) போட்டு ஒரு வரிகூடக் கிடைக்காவிட்டால் நோ டேட்டா ஃபவுண்ட் என்ற பிழை எழும் என்று எழுதியிருந்தது. எழாது. சாதாரண செலக்ட் இன்டுவில்தான் எழும், பல்க் கலெக்டில் காலி கலெக்ஷன் வரும், அவ்வளவுதான். இந்த இரண்டும் தேர்வுக்குப் படிப்பவர் கட்டாயம் தெளிவாக வைத்திருக்க வேண்டிய விஷயங்கள், இரண்டிலும் காசு கொடுத்து வாங்கிய பொருள் தலைகீழாகச் சொல்லித் தருகிறது. தவறுகளைச் சுட்டிக்காட்டி எழுதினேன், 'எங்கள் நிபுணர் குழு சரிபார்த்தது' என்று ஒரு பொதுவான பதில் வந்தது, விடை மாறவில்லை.

எல்லாக் கேள்வியும் தவறு என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை சரிதான். ஆனால் எது சரி எது தவறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தத் தொகுப்பு தேவையில்லை, தெரியாதவருக்கு அது ஆபத்து. விளக்கம் என்று கொடுத்திருப்பதும் சரியான விடையை வேறு சொற்களில் திரும்பச் சொல்வதாகவே இருக்கிறது. மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று ஒரு வரிகூட இல்லை. மாதிரித் தேர்வு ஒன்றை வாங்குவதற்கு முன் நான் பார்க்கச் சொல்வது இதை மட்டும்தான்: இலவச மாதிரியாகச் சில கேள்விகள் காட்டுவார்கள் இல்லையா, அவற்றில் தவறான விடைகளுக்கு விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல விளக்கம் எப்படி இருக்கும்? பெர்சன்ட் டைப்பை, அதாவது ஒரு வேரியபிளை இன்னொன்றின் டைப்பிலேயே அறிவிப்பதை, எடுத்துக்கொள்வோம். ஒரு டேபிளின் நாட் நல் (காலியாக விட முடியாத) நெடுவரிசையை வைத்து வேரியபிளை அறிவித்தால், அந்த வேரியபிளுக்கு டேட்டா டைப்பும் அளவும் மட்டும்தான் வரும், நாட் நல் கட்டுப்பாடு வராது. ஆனால் நாட் நல் என்று அறிவித்த இன்னொரு வேரியபிளை வைத்து அறிவித்தால் கட்டுப்பாடும் சேர்ந்து வரும், தொடக்க மதிப்பு மட்டும் வராது, அதனால் புதிய வேரியபிளுக்கு நீங்களே ஒரு மதிப்பு கொடுக்காவிட்டால் கம்பைலே ஆகாது. ஒரு கேள்வியின் நான்கு விடைகளும் இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவேதான் சுற்றும். சரியானது 'பி' என்று மட்டும் தெரிந்துகொண்டு போனால், தேர்வில் நெடுவரிசைக்குப் பதில் வேரியபிள் வந்தவுடன் போயிற்று.

இதோடு ஒட்டி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'உண்மையான தேர்வில் வந்த கேள்விகள் அப்படியே' என்று விற்கும் டம்ப் கோப்புகள். அவற்றைத் தொடாதீர்கள். தேர்வு எழுதும் முன் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம், அதை மீறித் திருடிய கேள்விகள் அவை, பயன்படுத்தியது தெரியவந்தால் சான்றிதழே ரத்தாகலாம். விடைகளை யார் எழுதினார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது. இந்தச் சான்றிதழை வைத்து வேலைக்குப் போனால் முதல் வாரமே யாராவது ஒரு பேக்கேஜைத் திறந்து காட்டி இது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்பார்கள், அப்போது மனப்பாடம் செய்த எழுத்து எதுவும் உதவாது.

வீடியோ வகுப்புக்கு வருகிறேன். ஆசிரியர் நன்றாகவே சொல்லித் தருகிறார், இதை மனமாரச் சொல்கிறேன். பேக்கேஜ் பகுதி அருமை. ஸ்பெசிஃபிகேஷனில் இருப்பது வெளியே தெரியும், பாடியில் மட்டும் இருப்பது உள்ளேயே நிற்கும், பேக்கேஜ் வேரியபிள் ஒவ்வொரு செஷனுக்கும் (டேட்டாபேஸ் இணைப்புக்கும்) தனித்தனி என்பதை இரண்டு ஜன்னல்களைத் திறந்து ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டினார். ஒன்றில் மதிப்பை மாற்றுகிறார், மற்றதில் பழைய மதிப்பே நிற்கிறது. அதே மாதிரி ஒரு செஷன் பேக்கேஜைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது இன்னொன்றிலிருந்து அதை மாற்றிக் கம்பைல் செய்து, முதல் ஜன்னலில் பேக்கேஜின் பழைய நிலை போய்விட்டது என்று ஓஆர்ஏ-04068 வருவதையும் காட்டினார். புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் மனதில் நிற்காதது, ஒரு தடவை பார்த்தால் நிற்கிறது.

கர்சர், எக்செப்ஷன் தொடங்கி பேக்கேஜ் வரைக்கும் இதே தரம். அதற்கப்புறம் வகுப்பு மெல்ல மெல்ல நீர்த்துப்போகிறது. டைனமிக் எஸ்க்யூஎல் ஓரளவு பரவாயில்லை. கம்பைலர் அமைப்புகள், டிபென்டன்ஸி இரண்டையும் ஸ்லைடைப் படித்துக் காட்டி முடித்துவிடுகிறார், ஒரு வரி கோடுகூட ஓட்டவில்லை. பிஎல்/எஸ்க்யூஎல்லை இப்போதுதான் தொடங்குகிறவர் என்றால் இந்த மாதிரி ஒரு வகுப்புக்குக் காசு கொடுக்கலாம், முதல் பாதிக்காகவே கொடுக்கலாம். ஏற்கெனவே வேலையில் புரொசீஜர் எழுதிக்கொண்டிருப்பவர் கொடுக்க வேண்டாம், உங்களுக்குத் தேவையான பின்பாதிதான் இதில் பலவீனம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டேட்டாபேஸ் பிஎல்/எஸ்க்யூஎல் லாங்குவேஜ் ரெஃபரன்ஸ் என்று ஆரக்கிள் தளத்தில் இருக்கும் கையேடு. கையேடு என்றவுடன் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள், இலக்கண வரைபடங்கள் நிறைந்த தடிப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டு. பின்பகுதி அப்படித்தான். முன்பகுதி அப்படி இல்லை. டேட்டா டைப், கன்ட்ரோல் ஸ்டேட்மென்ட், கலெக்ஷன், ஸ்டாட்டிக் எஸ்க்யூஎல், டைனமிக் எஸ்க்யூஎல், சப்புரோகிராம், ட்ரிகர், பேக்கேஜ், எரர் ஹேண்ட்லிங், ஆப்டிமைசேஷன் என்று அத்தியாயம் அத்தியாயமாக, ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்க்கக்கூடிய சின்னச் சின்ன உதாரணங்களோடும் அவற்றின் அவுட்புட்டோடும் இருக்கிறது. தேர்வின் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால், கேள்வி தயாரிப்பவர்கள் எந்த எந்த இடத்தில் பொறி வைக்கக்கூடும் என்பது தானாகவே தெரியும், ஏனென்றால் கையேட்டில் 'குறிப்பு' என்று தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருப்பவை பெரும்பாலும் அந்த இடங்கள்தான்.

உதாரணமாக கேஸ். கேஸ் ஸ்டேட்மென்டில் எந்த நிபந்தனையும் பொருந்தாமல் எல்ஸும் இல்லாமல் இருந்தால் கேஸ் நாட் ஃபவுண்ட் என்ற பிழை, எண் ஓஆர்ஏ-06592. அதே நிலையில் கேஸ் எக்ஸ்பிரஷன் சத்தமில்லாமல் 'நல்' (மதிப்பே இல்லை) தரும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், எண்ட் கேஸ் என்று முடிகிறதா வெறும் எண்ட் என்று முடிகிறதா என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். ஃபார் லூப்பில் ரிவர்ஸ் போட்டாலும் சிறிய எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும், ரிவர்ஸ் 5..1 என்று எழுதினால் லூப் ஒரு தடவைகூட ஓடாது, பிழையும் வராது. நாமே பிழை எழுப்பும் ரெய்ஸ் அப்ளிகேஷன் எரருக்கு எண் -20000 முதல் -20999 வரைதான். ஆட்டானமஸ் டிரான்ஸாக்ஷனை (முதன்மை வேலையைச் சாராமல் தனியாக நடப்பது) கமிட்டோ ரோல்பேக்கோ செய்யாமல் முடித்தால் ஓஆர்ஏ-06519. இவை எல்லாம் அந்தக் கையேட்டில் தெளிவாக, ஓர் உதாரணத்தோடு இருக்கின்றன.

ஒரு விஷயம் கையேட்டைப் படித்த அன்றே வேலையிலும் கைகொடுத்தது. ஒருவருக்கு ஒரு டேபிளைப் பார்க்கும் அனுமதி ரோல் (அனுமதிகளின் தொகுப்பு) வழியாகக் கொடுத்திருக்கிறது. அவர் நேராக செலக்ட் போட்டால் வருகிறது, அதே செலக்டைப் புரொசீஜருக்குள் வைத்தால் டேபிளே இல்லை என்று ஓஆர்ஏ-00942. இதைப் பார்த்துக் குழம்பாத டெவலப்பர் குறைவு. காரணம் எளிது. யாருடைய உரிமையில் ஓட வேண்டும் என்று சொல்லும் ஆத்-ஐடி எதுவும் எழுதாவிட்டால் புரொசீஜர் அதை உருவாக்கியவரின் உரிமையில் ஓடும், அப்படி ஓடும்போது ரோல் வழியாக வந்த அனுமதிகள் கணக்கில் வராது, நேரடியாகக் கொடுத்த அனுமதி மட்டும்தான் செல்லும். கையேட்டில் இதை விளக்க ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை. நான் வாங்கிய தொகுப்பில் ஆத்-ஐடி பற்றிப் பல கேள்விகள் இருந்தும், இந்தக் காரணத்தை எங்கேயும் சொல்லவில்லை.

கையேட்டின் குறையையும் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்று அது சொல்லாது, எது முக்கியம் எது ஓரமானது என்று பிரித்துக் காட்டாது. அதனால்தான் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். டிபென்டன்ஸி போன்ற சிலவற்றுக்கு டேட்டாபேஸ் டெவலப்மென்ட் கைடு என்ற இன்னொரு கையேட்டுக்குப் போக வேண்டியிருக்கும், அது சற்று வறட்சியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

நான்காவது, டேட்டாபேஸ். ஆரக்கிள் டேட்டாபேஸ் ஃப்ரீ என்று 2023-இலிருந்து தருகிறார்கள், அதற்கு முன் எக்ஸ்பிரஸ் எடிஷன் என்று இருந்தது. 2 சிபியு, 2 ஜிபி நினைவகம், 12 ஜிபி பயனர் தரவு என்று வரம்பு உண்டு, படிப்பதற்கு அது எக்கச்சக்கம். எழுதி ஓட்ட எஸ்க்யூஎல் டெவலப்பர் என்ற மென்பொருளும் இலவசம். எதையும் நிறுவ முடியாத கணினி என்றால் பிரவுசரிலேயே ஓட்டும் ஃப்ரீஎஸ்க்யூஎல் (முன்பு லைவ் எஸ்க்யூஎல்) இருக்கிறது, ஆனால் முடிந்தவரை சொந்தமாக நிறுவிக்கொள்ளுங்கள், இரண்டு பயனர்களை உருவாக்கி ஒருவர் மற்றவருக்கு அனுமதி கொடுப்பது போன்ற சோதனைகளுக்கு அது வேண்டும்.

அதோடு எச்ஆர் என்ற மாதிரி ஸ்கீமாவை (டேபிள்களின் தொகுப்பை) போட்டுக்கொள்ளுங்கள். பல வருடங்களாக இருப்பது, ஊழியர் டேபிளில் 107 வரிகள், துறை டேபிளில் 27. சின்னதாக இருந்தாலும் யோசித்துச் செய்த தரவு அது. இரண்டையும் துறை எண்ணை வைத்து இணைத்தால் 107 வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம், 106 தான் வரும், ஏனென்றால் 178 என்ற எண் கொண்ட ஊழியருக்குத் துறையே கிடையாது. யாருக்கும் மேலாளராக இல்லாத ஊழியர்களைக் கேளுங்கள், மேலாளர் எண்கள் உள்ள சப்குவெரியை நாட் இன்னில் போட்டு. ஒரு வரிகூட வராது. எல்லோருக்கும் மேலே இருக்கும் 100-ஆம் எண்ணுக்கு மேலாளர் இல்லை, அந்த ஒரு 'நல்' மொத்த விடையையும் விழுங்கிவிடுகிறது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் ஆக மாற்றி எழுதினால் 89 வரிகள் வரும். 'நல்' பற்றி எத்தனை விளக்கம் படித்தாலும் இந்த 0-வும் 89-உம் கண்முன் வந்து நின்றால்தான் அது புரிந்தது என்று அர்த்தம்.

அதே 107 வரிகளில் எனக்குப் பிடித்த இன்னொரு சோதனை. ஒரு கர்சரைத் திறந்து, லூப்புக்குள் பல்க் கலெக்ட் லிமிட் 100 போட்டு எடுங்கள், ஃபெட்ச் ஆன அடுத்த வரியிலேயே எக்ஸிட் வென் நாட் ஃபவுண்ட் எழுதுங்கள், அப்புறம் வந்ததை எண்ணுங்கள். 100 தான் இருக்கும். இரண்டாவது ஃபெட்சில் 7 வரிகள் வந்தன, கேட்டது 100 என்பதால் நாட் ஃபவுண்ட் உண்மையாகிவிட்டது, லூப் அந்த 7-ஐத் தொடாமலேயே வெளியே வந்துவிட்டது. கலெக்ஷனின் கவுண்ட் 0 ஆனால் வெளியேறு என்று எழுத வேண்டும், அல்லது எக்ஸிட்டை லூப்பின் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். இது தேர்வுக்கான தந்திரக் கேள்வி மட்டும் இல்லை. நிஜ வேலையில் இப்படி எழுதிய கோடு வருடக்கணக்கில் கடைசித் துண்டைத் தொலைத்துக்கொண்டே ஓடலாம், எந்தப் பிழையும் வராது என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

ட்ரிகருக்கும் அதே வழி. மூல டேபிளைக் கெடுக்காமல் கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட் போட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள் (நகலில் நாட் நல் கட்டுப்பாடுகள் வரும், பிரைமரி கீயும் இன்டெக்ஸும் டீஃபால்ட் மதிப்புகளும் வராது, எஸ்க்யூஎல் தேர்வுக்கும் இது உதவும்). அந்த நகலில் ஒவ்வொரு வரிக்கும் ஓடும் ட்ரிகர் ஒன்றை எழுதி, அதற்குள்ளிருந்தே அதே டேபிளின் சராசரிச் சம்பளத்தைக் கேளுங்கள். அப்டேட் செய்தால் ஓஆர்ஏ-04091, மியூட்டேட்டிங் டேபிள், அதாவது மாறிக்கொண்டிருக்கும் டேபிளையே படிக்க முயன்றதற்கான பிழை. இது வரை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். இப்போது அதையே பிஃபோர் ட்ரிகராக வைத்து, வேல்யூஸ் போட்டு ஒரே ஒரு வரியை இன்சர்ட் செய்யுங்கள். ஓடிவிடும். அதே ஒரு வரியை இன்சர்ட் செலக்ட் ஆகக் கொடுங்கள், பிழை வரும். செலக்ட் எத்தனை வரி தரும் என்று முன்கூட்டியே தெரியாதது அதற்குக் காரணம். அப்புறம் காம்பவுண்ட் ட்ரிகராக மாற்றி எழுதிப் பாருங்கள், வரிப் பகுதியில் மதிப்புகளைச் சேர்த்துவைத்து ஸ்டேட்மென்ட் முடிந்த பகுதியில் சரிபார்ப்பது போல. ஆரக்கிள் 11ஜி பதிப்பில் வந்த வசதி அது, இந்தப் பிழைக்கு மிகச் சுத்தமான தீர்வு.

இலவச டேட்டாபேஸில் ஓர் எச்சரிக்கை. அது புதிய பதிப்பு, பழைய பதிப்புகளில் செல்லாத சில விஷயங்கள் அதில் செல்லும். ஃப்ரம் இல்லாமல் வெறும் செலக்ட் 1 என்று எழுதினால் புதியதில் ஓடும், பழையதில் ஓஆர்ஏ-00923 வரும். டேபிளில் பூலியன் நெடுவரிசை வைக்கலாம், முன்பு முடியாது. அதனால் தேர்வுப் பக்கத்தில் எந்தப் பதிப்பு என்று குறிப்பிட்டிருக்கிறதோ அந்தப் பதிப்பின் கையேட்டைத் திறந்து வையுங்கள், கையேட்டுத் தளத்தில் பதிப்பை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

கம்பைலர், டிபென்டன்ஸி என்ற அந்தப் பின்பாதியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நல்ல டெவலப்பர்களே மதிப்பெண்ணைக் கோட்டை விடுவது இங்கேதான். வேலையில் இவற்றை டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) பார்த்துக்கொள்வார் என்று நாம் விட்டுவிடுகிறோம். பிஎல்எஸ்க்யூஎல் வார்னிங்ஸ் அமைப்பை எல்லாவற்றுக்கும் இயக்கிவிட்டு உங்கள் பழைய கோடு ஒன்றைக் கம்பைல் செய்து பாருங்கள். வென் அதர்ஸ் போட்டு ரெய்ஸ் செய்யாமல் விட்ட இடங்களில் எல்லாம் பிஎல்டபிள்யூ-06009 என்று எச்சரிக்கை வரும். ஆப்டிமைஸ் லெவல் 0 முதல் 3 வரை, வழக்கமாக 2. அந்த 2-இலேயே கர்சர் ஃபார் லூப்பை அது உள்ளுக்குள் நூறு நூறு வரிகளாக எடுக்கும்படி மாற்றிவிடுகிறது. சிறிய ஃபங்ஷன்களைத் தானாகவே இன்லைன் செய்வது (அழைக்கும் இடத்திலேயே விரித்து வைப்பது) 3-இல்தான், 2-இல் நீங்கள் பிராக்மா (கம்பைலருக்கான குறிப்பு) எழுதிச் சொல்ல வேண்டும். டிபென்டன்ஸிக்கு: ஒரு டேபிளிலிருந்து பெயரை மட்டும் எடுக்கும் புரொசீஜர் ஒன்று, அதே டேபிளின் ரோடைப்பை (முழு வரியின் அமைப்பை) பயன்படுத்தும் புரொசீஜர் ஒன்று, இரண்டையும் எழுதிக் கம்பைல் செய்துவிட்டு டேபிளில் ஒரு புதிய நெடுவரிசை சேருங்கள். யூசர் ஆப்ஜெக்ட்ஸ் என்ற பட்டியலில் பாருங்கள், முதலாவது வேலிட், இரண்டாவது இன்வேலிட். இந்த ஒரு சோதனை அந்த வீடியோ வகுப்பின் ஸ்லைடுகள் மொத்தத்தையும்விட அதிகம் சொல்லித் தந்தது.

ஆரக்கிள் டெவ் ஜிம்மையும் சொல்லாமல் விடக்கூடாது, 2010-இல் பிஎல்/எஸ்க்யூஎல் சேலஞ்ச் என்று தொடங்கிய வினாடி வினாத் தளம் அது. மாதிரித் தேர்வு வாங்க நினைப்பவர்கள் முதலில் அங்கே போகலாம். ஒவ்வொரு விடைக்கும், தவறானவை உட்பட, ஏன் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேர்வுப் பாடத்திட்டத்தின் வரிசையில் அமைத்ததல்ல, தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நேரம்தான் நெருக்குகிறது. நீளமான கோடு வந்தால் மேலிருந்து படிக்காதீர்கள். முதலில் நான்கு விடைகளையும் பாருங்கள், அவற்றில் 'கம்பைல் ஆகாது' என்று ஒன்று இருந்தால் அறிவிப்புகளையும் அரைப்புள்ளிகளையும் மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த வேலையே தேவையில்லை. எக்செப்ஷன் கேள்வியில் பிழை எந்தப் பகுதியில் எழுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். இரண்டு விடை கேட்கும் இடத்தில் ஒன்றில் மட்டும் உறுதி என்றால் குறித்துவைத்துவிட்டு நகருங்கள்.

இப்போது தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இது. புதியவர் என்றால் ஏதாவது ஒரு நல்ல வகுப்பில் பேக்கேஜ் வரை பாருங்கள், அப்புறம் நிறுத்திவிட்டுக் கையேட்டுக்கு வாருங்கள். வேலையில் இருப்பவர் நேராகக் கையேட்டிலிருந்தே தொடங்கலாம், அதுவும் நீங்கள் தினமும் தொடாத அத்தியாயங்களிலிருந்து. இரண்டு பேருக்குமே டேட்டாபேஸ் திறந்தே இருக்கட்டும், உதாரணத்தைப் படித்தவுடன் விடை என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். தாளில் எழுதியதும் திரையில் வந்ததும் ஒத்துப்போகாத இடங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டே போனால், கடைசியில் கையில் இருப்பது உங்களுக்கென்றே செய்த கேள்வித் தொகுப்பு. கடையில் விற்கும் தொகுப்பை அதற்கு அப்புறமும் வாங்கத் தோன்றினால், நேரக் கட்டுப்பாட்டில் எழுதிப் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதன் விடைக்குறிப்பில் சந்தேகம் வரும் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.